ஏழாவது கேள்வி

பஸ் நின்று ஆறு வாரம் ஆகியிருந்தது. ஊரடங்கு என்று எல்லாரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியதில் யார் யாருக்கு என்ன கஷ்டமோ, கண்டக்டரம்மாவின் வீட்டுக்காரருக்கு வந்த கஷ்டம் தனி ரகம். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு எண்ணூறு பேரிடம் பேசிய வாய், இப்போது அவர் ஒருவரிடமே மொத்தத்தையும் பேசியது. மனுஷன் குளிக்கும்போதுகூட கதவுக்கு வெளியிலிருந்து கேள்வி வரும். "போன்ல பேசற வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று நண்பர்களிடம் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். நிஜமாகவே ஒன்று வந்தது, சம்பளம் இல்லாமல்.

கர்ப்பிணிகளுக்கு உதவும் சின்ன அறக்கட்டளை அது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு எடை மெஷின், எட்டு நாற்காலி. தொற்றுக்கு முன்னால் பெண்கள் நேரில் வந்து வயிற்றுப் பாரத்தோடு மனப்பாரத்தையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். இப்போது படியில் யாரும் ஏறக்கூடாது. ஆஸ்பத்திரியிலும் துணைக்கு ஆள் விடுவதில்லை. நோய்க்குப் பயந்து பாதிப் பேர் மாதாந்திரப் பரிசோதனைக்கே போவதில்லை. அதனால் தொண்டர்கள் தங்கள் வீட்டிலிருந்தே வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெண்ணையும் போனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். இதையெல்லாம் நடத்தியது பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

கேள்விகள் பன்னிரண்டு. தலைவலி உண்டா, கால் வீங்குகிறதா, இப்படிப் போகும். பதில் 'உண்டு' என்றால் போனில் ஒரு டிக், 'இல்லை' என்றால் ஒரு பெருக்கல் குறி. முடித்து அனுப்பியதும், வீட்டிலிருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே என்று, அதன் விவரம் அந்த வீட்டார் பதிவுசெய்து கொடுத்திருந்த நம்பருக்கு மெசேஜாகப் போய்விடும். ஏழாவது கேள்வி குழந்தை வழக்கம்போல அசைகிறதா என்பது. அது குறைந்திருந்தால் எட்டாவதுக்குப் போகவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

கண்டக்டரம்மாவுக்கு இருபத்திரண்டு பெண்கள். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரி. மற்றத் தொண்டர்கள் சாயங்காலம் வரை இழுப்பதை இவள் பதினோரு மணிக்குள் முடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். நெரிசலில் நின்று டிக்கெட் கொடுத்த பழக்கம். "எங்கே இறங்கணும்? மார்க்கெட்டா? மார்க்கெட்தானே, பிடிங்க, உள்ளே போங்க" என்று ஆள் வாயைத் திறப்பதற்குள் டிக்கெட் கைக்குப் போய்விடும். பத்துக்கு ஒன்பது பேர் மார்க்கெட்டில்தான் இறங்குவார்கள். பத்தாவது ஆள் கத்துவான், மாற்றிக் கொடுத்தால் போயிற்று. அதே வேகத்தில் இங்கேயும் கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி, டிக்கும் அடித்துவிடுவாள். பெண்களுக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்தச் சத்தமான குரல் ஒரு தெம்பு. "உங்க பட்டியல்தான் எப்பவும் முதல்ல வருது" என்று சிஸ்டரே மெச்சினார். அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினான்காவது பெண் தையல்காரி. பனியன் கம்பெனியில் காலர் தைப்பவள், நாலு வருஷம் காத்திருந்து வந்த முதல் கர்ப்பம், முப்பத்தாறாவது வாரம். புருஷனுக்குக் கிடங்கில் வேலை. கூடவே மாமியார். ரொம்ப அமைதியான பெண். ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பாள், அந்த மூச்சுக்குள் கண்டக்டரம்மா இரண்டு கேள்வி தாண்டியிருப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் இரண்டு நிமிஷத்தில் பேசி முடித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் கூப்பிட்டார்.

"தையல்காரப் பொண்ணுக்கு நேத்து பிரசவம் ஆச்சு. குழந்தை வயித்துக்குள்ளயே போயிடுச்சு."

கண்டக்டரம்மா பட்டியலை இழுத்துப் பதினான்காவது வரியைத் தேடினாள்.

"அவ புருஷன் எனக்குப் போன் பண்ணினான். டாக்டர் கேட்டப்போ, திங்கக்கிழமை ராத்திரியே அசைவு குறைஞ்சுபோச்சுன்னு இவ சொல்லியிருக்கா. அவன் நம்ம மெசேஜைக் காட்டறான். செவ்வாய்க்கிழமை, அசைவு உண்டுன்னு இருக்கு. எங்ககிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் நல்லா இருக்குன்னு பொய் சொல்லியிருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துக்கிட்டு குழந்தையைக் கொன்னுட்டாள்னு அவனும் மாமியாரும் அவளைப் போட்டுக் காய்ச்சறாங்க. அந்தப் பொண்ணு வாயே திறக்கலயாம்."

"சிஸ்டர்..."

"நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டீங்க, அவ சொன்னா, எழுதினீங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானா என்று கண்டக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் என்ன சொன்னாள்? இருபத்திரண்டு பேரில் அந்த ஒரு குரல் மட்டும் எவ்வளவு யோசித்தும் காதுக்கு வரவில்லை. ஆனால் அவள் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். டிப்போவில் ஷிப்ட் மாற்றிவிட்டு 'நான் எப்ப சொன்னேன்' என்று சாதிக்கிற ஆட்களுக்காக வீட்டுக்காரர் செய்துவைத்த ஏற்பாடு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டாள்.

தன் குரலே முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பப்பா, என்ன வேகம். "ஏழாவது, குழந்தை நல்லா அசையுதில்ல? அசையும், அசையும், இந்த மாசம் உதைக்காம எப்போ உதைக்கும்? சரி, இரும்பு மாத்திரை இருக்கா?" அந்த இரண்டாவது 'அசையும்' என்பதற்கு அடியில் மெல்லிசாக இன்னொரு குரல் இருந்தது. "இல்லக்கா, நேத்து ராத்திரிலேர்ந்து..." அதற்கு மேல் மாத்திரை வந்து அதை மூடிவிட்டது. பிறகு ஒரு மூச்சு. பிறகு, "இருக்குக்கா."

ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

ஆறாவது தடவை வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று முழுக்கக் கேட்டார். நல்ல மனுஷன்தான், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் அப்படிச் சொன்னார்.

"அழிச்சிடு."

"என்ன சொல்றீங்க?"

"வேற யார்கிட்டயும் இது இல்ல. நீ வேணும்னேவா பண்ணினே? போனது போச்சு. இதைக் காட்டினா மட்டும் அந்தக் குழந்தை திரும்பி வருமா?"

"குழந்தை வராது. அந்தப் பொண்ணு அங்கே இருக்காளே, அவ எங்கே போவா?"

"போலீஸு கீலீஸுன்னு போனா?"

"போகட்டும்" என்றாள். பயம்தான், பயமில்லை என்று எப்படிச் சொல்வது? இருபது பேர் முன்னால் குடிகாரனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டவளுக்கு, அன்று தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை.

பதிவை சிஸ்டருக்கு அனுப்பினாள். பிறகு சிஸ்டர் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கமிட்டியில வெச்சுப் பேசணும். யோசிச்சு ஒரு லெட்டர் அனுப்பலாம். அதுவரைக்கும் நீங்க எதுவும் பேசவேண்டாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு பத்து நாள்."

"பத்து நாள் அவ அந்த வீட்டுல இருக்கணும், சிஸ்டர்."

அந்த வீட்டைக் கூப்பிடு என்றும் சிஸ்டர் சொல்லவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை. கண்டக்டரம்மா ஒன்று மட்டும் கேட்டாள். செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்? சிஸ்டர், "தெரியாதும்மா. டாக்டருக்கே தெரியாது. தப்பிச்சிருக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பெண் வீடு திரும்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு, புருஷனின் நம்பருக்கே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிடுங்கள் என்றாள். என்ன பேசுவது என்று எழுதிவைத்திருந்த காகிதம் மடியிலேயே கிடந்தது, ஒரு வரிகூட அவள் படிக்கவில்லை.

"உங்க வீட்டுக்கு வந்த மெசேஜ் தப்பு. அந்த டிக்கை நான் போட்டேன். அவ இல்லைன்னுதான் சொன்னா, நான் பேசவிடல. கேளுங்க."

பதிவைப் போட்டாள்.

முதலில் மாமியார்தான் பேசினாள். "அடிப்பாவி" என்றாள். பிறகு புருஷன். கிடங்கில் லாரி டிரைவர்களைத் திட்டிப் பழகிய வாய், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கண்டக்டரம்மா வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டாள். நடுவில் மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோதும் அவள் பேசவில்லை. கடைசியில் அவன் குரல் உடைந்துபோய், "ஆம்பளப் புள்ள, மூக்கெல்லாம் எங்கப்பா மாதிரியே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

யாரோ போனை எடுத்தார்கள். ஒரு மூச்சு கேட்டது. கண்டக்டரம்மா காத்திருந்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

மறுபடி ஒரு மூச்சு.

"செவ்வாய்க்கிழமையே போயிருந்தா பொழச்சிருக்குமாக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எப்போது போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், நம் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல், தனக்கும் ஆறுதல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"யாருக்கும் நிச்சயமாத் தெரியாதும்மா" என்றாள். "பொழச்சிருக்கலாம்."

அந்தப் பெண் அழவில்லை.

"நான் சொன்னேன்லக்கா?"

"நீ சொன்னேம்மா. நான்தான் கேக்கல."

"சொன்னேன்ல?"

"நீ சொன்னே."

போன் வாயிலிருந்து தள்ளிப் போனது. அந்த அமைதியான பெண்ணுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று கண்டக்டரம்மா நினைத்ததே இல்லை. "நான் சொன்னேன், அத்தை! கேட்டீங்களா? நான் சொன்னேன்! என்னங்க, நான் சொல்லியிருக்கேன்!" அறை அறையாகப் போய்ச் சொல்வதுபோல் குரல் தூரமாகவும் பக்கமாகவும் வந்தது. மாமியார் என்னவோ சொல்லி அழ ஆரம்பித்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவள் போனுக்குத் திரும்பினாள்.

"நீங்க இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்கக்கா."

"சரிம்மா" என்றாள் கண்டக்டரம்மா.

அவள் வைக்கும்வரை இவள் வைக்கவில்லை.