சிறப்பு நிதி மின்விசிறி

மம்சாபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில், அரசின் சிறப்பு நிதியில் வாங்கி மாட்டிய மின்விசிறி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் காற்று வீசியது. ஒரே பெஞ்சில் ஒருத்திக்கு முடி பறக்கும், பக்கத்தில் இருப்பவளுக்கு வியர்த்து ஊற்றும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எலெக்ட்ரீசியன் வந்து கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

தலைமையாசிரியை அனுசியாவுக்கு இது நல்லதாகப் போயிற்று. ஏழைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் சுண்டலுக்கும் சேர்த்து வந்த நிதி அது. யார் ஏழை என்பதில்தான் வருஷா வருஷம் சண்டை. வருமானச் சான்றிதழை நம்ப முடியாது. மாடி வீட்டுக்காரரும் அதில் பரம ஏழை. இப்போது அனுசியா பிள்ளைகளை விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, முடி பறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். உரக்கடை பாண்டிதுரை தன் மகனுக்குக் கிழிந்த சட்டையைப் போட்டு அனுப்பிப் பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். மானத்துக்குப் பயந்த தாய்மார்களோ பிள்ளைகள் தலையில் எண்ணெயை அப்பி, ஒரு முடி அசையாதபடி இறுக்கிப் பின்னி அனுப்பினார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மாரீஸ்வரி இதில் எதையும் நம்பவில்லை. தராசைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காய் வாங்குகிறவள் அவள். "டீச்சரு பழைய ஃபேன மாட்டிட்டு நிதிய முழுங்கிட்டாவ. அத மறைக்கத்தான் இந்தக் கதையெல்லாம்" என்று குழாயடியில் சொன்னாள். விசிறியால் அவள் வீட்டுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. கணவன் பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மிஷின் ஓட்டுகிறவன், தினமும் தூக்குச்சட்டியோடு காலை பஸ் ஏறுகிறவன். டீச்சரின் குட்டை உடைக்கவென்றே, அதுவரை அந்த அறைப் பக்கம் விடாத மகள் இந்துவை அங்கே போய் உட்காரச் சொன்னாள்.

"காத்து வரலதான?"

"நல்லா வருதும்மா."

"ஏட்டி, இப்படிச் சொல்லச் சொல்லி யாரு சொன்னா?"

மறுநாள் அவளே போய் உட்கார்ந்தாள். முந்தானை பறந்தது. தன் வாயை அடைக்க டீச்சர் ஏதோ செய்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பி வரும் வழியில் பொன்னுராஜின் நினைப்பு வந்தது. ஊர் உலகத்தையே சந்தேகப்பட்டவள், கணவன் தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசித்தாள். இப்போதெல்லாம் அவன் சட்டையில் பால் காந்தும் வாடைதான் அடித்தது.

அன்று சாயங்காலம் கேட்டாள். "மில்லுல எங்க ஷிஃப்டையே நிப்பாட்டிட்டாவ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கடையில சட்டி கழுவுதேன்" என்றான் அவன், தலை நிமிராமல். "நாலு பேரு மத்தியில தலைவின்னு நிக்கிறவ நீ. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?" மாரீஸ்வரி அழுதாள். இத்தனை நாள் வெறும் சட்டி கழுவும் கூலியில் தன்னைத் தலைவியாக வைத்திருந்தவன் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த குழுக் கூட்டம் அதே அறையில் நடந்தது. யார் துணி அசைகிறது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். மாரீஸ்வரி விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். அவள் முந்தானை பறந்து, வியர்த்துக்கொண்டிருந்த பாண்டிதுரையின் முகத்தில் அடித்தது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை. "டீச்சர், எம் மகளையும் சாயங்கால வகுப்புல சேத்துக்கோங்க" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. காற்று சுகமாகவும் இருந்தது.

இந்துவுக்குப் பின்னக் கணக்கு அங்கேதான் பிடிபட்டது. ஆவணி போய், ஐப்பசி மழை போய், தை பிறந்தது. ஒரு நாள் இந்து முதுகெல்லாம் வியர்வையில் நனைந்து, "இன்னைக்கி எனக்குக் காத்தே வரலம்மா" என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மாரீஸ்வரி அடுப்பைப் பற்றவைத்து ரவையை வறுத்தாள். பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றபோது கேசரி இறக்கி வைத்தாயிற்று.

"மாரி, ஒரு சங்கதி…"

"தெரியும். எந்த மில்லு, எந்த ஷிஃப்ட்டு, அத மட்டும் சொல்லுங்க."