பீடத் துணி

சபாக் பக்கம் எங்கள் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அதனால் தேவாலயத்தின் பீடத் துணியை அம்மா மழைநீரில்தான் துவைப்பார். 1987இல் ஈஸ்டர் நெருங்கியும் மழை இல்லை.

பல்கலைக்கழகத்தில் நீர்ச் சுத்திகரிப்பு ஆய்வு செய்துவந்த நான், படிகாரமும் சிரட்டைக் கரியும் கொண்டு தெளியவைத்த கால்வாய்த் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைத்தேன். பேராசிரியர்களே ஒப்புக்கொண்ட முறைதான். இருந்தும் சொன்னேன்:

“மொதல்ல பழைய துணியில பாரும்மா.”

“நீ செஞ்சதுதானே செசிலியா, எதுக்குப் பழைய துணி?” அம்மா பீடத் துணியையே முக்கினார்.

துணி வெள்ளைவெளேரென்று வந்தது. எப்போதும் கொல்லையில் காயப்போடுபவர், அன்று எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முன்னால் காயப்போட்டார்.

“மழையே இல்லையே, எந்தத் தண்ணியில தொவச்சீங்கக்கா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு மவுரீன்.

அம்மா லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எங்க செசிலியா தண்ணி லா!”