லைல் வோண்ட்ராவின் இடது கை

லைல் வோண்ட்ராவின் இடது கை மே மாதம் பதினேழாம் தேதி மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு உயரே போனது. மறு பிப்ரவரி பிறந்து, டெரிங் கல்லூரியின் புதிய பேஸ்பால் பருவம் தொடங்க இரண்டே வாரம் இருந்தபோதும் அது கீழே இறங்கியிருக்கவில்லை. கையுறை மாட்டியபடி, அன்றைக்குப் பிடித்த பந்தை உள்ளே இறுக்கிக்கொண்டு, கை நேராக வானத்தைப் பார்த்து நின்றது. அது மேலே போன வாரத்தில்தான் சோளத்தின் விலை கொஞ்சம் ஏறியதும், ஆற்றுப் பாலத்தில் பன்றி ஏற்றி வந்த லாரி கவிழ்ந்ததும். எலும்பு மருத்துவர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். கையில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் இறங்காது என்று ஒருவர் சொன்னார். மற்றவர் அதையே லிங்கன் நகரத்திலிருந்து கடிதமாக அனுப்பினார். சலவைக் கடையில் வேலை பார்த்த அவன் அம்மா மார்லின், அவனுடைய சட்டைகளையெல்லாம் இடது பக்கம் அக்குள்வரை பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மெக்கானிக் அவனுடைய வண்டியின் கூரையில் வட்டமாக ஓட்டை போட்டு, பனி உள்ளே விழாமலிருக்க ரப்பர் சுற்றினார். பொருளாதார வகுப்பில் பேராசிரியர் முதல் வாரம் முழுக்க "என்னப்பா சந்தேகம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். ஒன்பது மாதத்தில் மனிதர்களுக்கு எதுதான் பழகாது?

ஊர் அந்தக் கையைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் கழித்து வந்த கோப்பை அந்தக் கையால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பேக்கரியில் உலர்பழம் வைத்த கொலாச்சி ரொட்டியை அவனுக்கு மட்டும் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தின்னவும் முடியாமல் எறியவும் முடியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போவான். புதிய பருவத்துக்கான சுவரொட்டியில் கல்லூரி அவன் முகத்தைக்கூடப் போடவில்லை. வெறும் கை, கீழே கொட்டை எழுத்தில், "இந்த வருஷமும் இறங்காது." விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியில் பதினோரு சுவரொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவனுக்கு உடம்பு கூசியது. தலையைக் குனிந்துகொண்டு நடப்பான், ஆனால் கை மேலே இருக்கிறவன் எவ்வளவு குனிந்தாலும் ஊருக்குத் தெரியத்தான் செய்யும். ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லாத அவமானம் அது.

நடந்தது இதுதான். கெஸ்லர் கல்லூரியோடு கடைசி ஆட்டம், கடைசிச் சுற்று, டெரிங் ஒரே ஓட்டம் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவனை அவுட் ஆக்கினால் கோப்பை. அடிக்க வந்தவன் நெஸ்டர் சால்காடோ, கல்லூரிப் படிப்பின் கடைசி வாரத்தில் இருந்தவன். அவன் அடித்த பந்து மைதானத்தின் நடுப்பகுதிக்குத் தாழப் பறந்து வந்தது. லைல் ஓடிப் பாய்ந்தான். கையுறைக்குள் வருவதற்கு ஒரு விரற்கடை முன்னால் பந்து புல்லில் பட்டுக் கொஞ்சம் மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தது. அவன் உருண்டு எழுந்து கையைத் தூக்கிக் காட்டினான். அம்பயர் அவுட் என்றார்.

இதில் லைலைச் சொல்லியும் குற்றமில்லை என்று பேசுகிறவர்கள் இருந்தார்கள், ஏனென்றால் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அதுதான். இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சியாளராக இருந்த ராய்ஸ் ஹட்டிங், வெளியே பனி கிடக்கும் பிப்ரவரியில், உடற்பயிற்சிக் கூடத்தில் பையன்களை வரிசையாக நிற்கவைத்து, பந்தை வேண்டுமென்றே தரையில் எறிவார். தரையில் பட்டு எழுவதை எடுத்து, கண் இமைக்கும் நேரத்தில் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். "எங்க பட்டுச்சுன்னு யோசிச்சா மூஞ்சி காட்டிக் குடுத்துரும்டா. காட்டுறது உன் வேலை. தீர்ப்பு சொல்றது அம்பயர் வேலை" என்பார். டெரிங்கில் பாதி ஆண்கள் அந்தக் கூடத்தில் அப்படிக் கைதூக்கிப் பழகியவர்கள்தான். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை, விளையாட்டில் ஒரு பாடம் என்று நினைத்தார்கள்.

லைலும் அப்படியே நினைத்துச் சமாதானமாகியிருப்பான். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையில் வந்து கைகுலுக்கியபோது நெஸ்டர் அவன் முன்னால் நின்றதுதான் வினையாகப் போயிற்று. நெஸ்டர் கோபப்படவில்லை. வலது கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே புடிச்சியா?" என்று கேட்டான். அங்கே அம்பயர் இல்லை. லைல் வாய் கூசாமல், "புடிச்சேன்" என்றான். இடது கை அதற்குள் மேலேயே நிலைத்துவிட்டிருந்தது. எல்லோரும் அவன் சந்தோஷத்தில் இறக்க மறந்துவிட்டான் என்று நினைத்தார்கள்.

நவம்பரில் ஆட்ட அட்டவணை வந்தது. முதல் ஆட்டம் பிப்ரவரி பதினாறு, சொந்த மைதானத்தில், கெஸ்லரோடு. ஹட்டிங் அவனை அணித்தலைவனாக்கினார். கையைத் தூக்கியபடியே ஒருவன் ஆடலாமா என்று கேட்டு விதிமுறைக் குழுவுக்கு எழுதினார். கூடாது என்று எந்த விதியும் இல்லை என்று பதில் வந்தது. "நீ சும்மா நில்லு, போதும். பாத்தாலே அவனுங்களுக்கு வயித்தக் கலக்கும்" என்றார். லைல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, படுக்கையில் விழுந்து, அணித்தலைவனுக்கான கைப்பட்டையை மெத்தைக்கு அடியில் சொருகினான்.

டிசம்பரில் கையுறையிலிருந்து புல் முளைத்தது. முதலில் ஒரே ஒரு தாள், விரல்களின் இடுக்கு வழியாக. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, இது மே மாதப் பச்சையாக இருந்தது. பந்தோடு உள்ளே வந்த மண்ணிலிருந்து வருகிறது என்று அவனுக்கு உடனே புரிந்தது. பந்து தரையில் பட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று, வலது கையில் கத்தரிக்கோலை எடுத்து, எட்டி எட்டி வெட்டினான். வாரம் ஒருமுறை வெட்டியது ஜனவரியில் தினமும் ஆயிற்று. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது கழுவு தொட்டியில் அடைத்திருந்த புல்லை மார்லின் ஒரு நாள் காலை கையால் அள்ளி எடுத்துக் குப்பையில் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து முனையை விரலால் தொட்டுப் பார்த்து, "கத்தரி மொன்னையா இருக்கு. கடைலருந்து நல்லதா ஒண்ணு கொண்டாந்து தர்றேன்" என்றாள். அம்மாவும் அந்தக் கடைசி ஆட்டத்தன்று மைதானத்தின் நடுப்பக்க வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது லைலுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை.

பருவம் தொடங்கும் முன் வரும் ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊர் விருந்து நடப்பது வழக்கம். அந்த வருடம் முந்நூறு பேருக்கு இலைக்கோசும் வாத்தும் மாவுருண்டையும் சமைத்திருந்தார்கள். தீயணைப்புத் தலைவர் கோப்பையை மேசைமேல் வைத்துத் துணியால் துடைத்தார். அணித்தலைவன் எழுந்து புதிய பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். லைல் எழுந்தான். வரும் வழியில் வண்டிக்குள் வெட்டியிருந்தும், கூடத்தின் சூட்டில் புல் மறுபடி வளர்ந்து அவன் காதருகே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு வார்த்தைகூட ஆகவில்லை.

"பந்து தரையில பட்டுச்சு" என்றான். "நெஸ்டர் கேட்டான். நான் பொய் சொன்னேன்."

கை இறங்கியது. ஒன்பது மாதம் நின்ற கை என்பதால் பக்குவமாக இறங்கத் தெரியாமல் தட்டின்மேல் விழுந்து, குழம்பு பக்கத்திலிருந்த பாதிரியாரின் சட்டையில் தெறித்தது. கையுறை திறந்து பந்து மேசையில் உருண்டது. ஒரு பக்கம் முழுக்கப் புல்லும் வேருமாக இருந்தது.

ஹட்டிங் மெதுவாக, "தீர்ப்பு சொல்றது அம்பயர் வேலைடா" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருடைய இடது கை மேலே போயிற்று. அவர் அதை வலது கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அடுத்து இரும்புக் கடைக்காரருடையது போயிற்று, பிறகு மெக்கானிக், பேக்கரிக்காரர், பொருளாதாரப் பேராசிரியர், அன்றைக்கு நடுப்பக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக. நாற்காலிகள் லேசாக நகரும் சத்தம் மட்டும் கேட்டது. மார்லின் தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அது அவளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு மேலே வந்தது. அவள் மகனைப் பார்த்து, "நான் அன்னைக்கே பாத்தேன்டா. கை தட்டிட்டேன்" என்று சொல்லி அழுதாள். மொத்தம் எண்பத்தேழு கைகள் என்று தீயணைப்புத் தலைவர் எண்ணினார், தன்னுடையதையும் சேர்த்து.

மறுநாள் லைல் பந்தை எடுத்துக்கொண்டு எழுபது மைல் ஓட்டிப்போனான். நெஸ்டர் கெஸ்லர் ஊரிலேயே தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். எடைமேடையில் லாரி நிற்க, புழுதிக்கு நடுவே லைல் சொன்னான். நெஸ்டர் பந்தை வாங்கிப் புல்லைத் தடவிப் பார்த்தான். அடிப்பான் என்றுதான் லைல் நினைத்தான், அடித்திருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும்.

"எங்கப்பா அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் வந்தாரு" என்றான் நெஸ்டர். "சர்க்கரை ஆலைல லீவே குடுக்க மாட்டாங்க. திரும்பிப் போறப்ப வழியெல்லாம் சொல்லிட்டே வந்தாரு. நீ நல்லா அடிச்சடா, ஆனா அந்தப் பையன் புடிச்சான் பாரு, அந்த மாதிரி நான் பாத்ததே இல்லன்னு. அப்புறம் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பவும் நர்ஸுங்ககிட்டல்லாம் உன் கேட்ச்சப் பத்திதான் பேச்சு. அக்டோபர்ல போய்ச் சேந்துட்டாரு."

மன்னிப்புக் கேட்கலாம், யாரிடம் கேட்பது? நெஸ்டர் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அப்பாவின் கல்லறைக்கு அவனை அழைத்துப் போனான். பனியைக் காலால் தள்ளிக் கல்லின் அடியில் பந்தை வைத்தான். "நீயே சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினான். லைல் சொன்னான். முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பிப்ரவரி பதினாறாம் தேதி, குளிர் காற்றோடு, பருவம் தொடங்கியது. லைல் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு மைதானத்தின் நடுவே போய் நின்றான். கெஸ்லர் பையன்கள் பேருந்திலிருந்து இறங்கி, எண்பத்தாறு பேர் கைதூக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது இந்த ஊர் வரவேற்பு போலிருக்கிறது என்று தாங்களும் கையைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் திருத்தவில்லை, வெட்கமாக இருந்தது. எண்பத்தேழாவது கை ஹட்டிங்குடையது. அவர், ஓட்டம் எடுக்கக் கடைசியாகத் தாண்ட வேண்டிய மூன்றாம் தளத்தருகே நின்று ஓடுகிறவர்களுக்குச் சைகை காட்ட வேண்டியவர். அங்கே தூக்கிய கைக்கு 'நில்' என்றுதான் அர்த்தம். ஒருவனைத் தவிர டெரிங் பையன்கள் எல்லோரும் மூன்றாம் தளம்வரை வந்து நின்றுபோனார்கள். ஆறுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கெஸ்லருக்கு வண்டி ஓட்டினார்கள். முதலில் போனது மார்லின். நெஸ்டர் வேலையை நிறுத்தாமல் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு "சரி" என்பான், கை இறங்கும். ஏப்ரலுக்குள் பாதிப்பேர் போய்வந்தார்கள். பாதிரியார் கோப்பை ஆட்டத்தன்று ஊரிலேயே இல்லை என்றாலும் துணைக்குப் போனார். ஹட்டிங் போகவில்லை. மூன்று வருடமாகிறது, இன்னும் அவர்தான் பயிற்சியாளர். பையன்கள் அவரைப் பார்க்காமல் ஓடப் பழகிக்கொண்டார்கள், இந்தப் பருவம் நன்றாக வரும் என்று பேச்சு இருக்கிறது.

கல்லறையில் பந்து புல்லுக்குள் மறைந்துவிட்டது. அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் பனி தங்குவதில்லை, புல் பச்சையாக வளர்ந்து கல்லிலிருக்கும் பெயரை மூடிவிடுகிறது. லைல் படிப்பு முடித்து, உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மா கொடுத்த கத்தரிக்கோலோடு போய், முட்டிபோட்டு, பெயர் தெரியும்வரை வெட்டிவிட்டு வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தான்.