வளையம் தெரிந்த நேரம்

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, அச்சுவேலியில் தேவாலய முற்றத்தில் ஊரே கிரகணம் பார்க்கக் கூடியிருந்தது. கிரகணக் கண்ணாடிகள் நாலைந்து பேருக்கு ஒன்றுதான். நிமலினி அழைத்ததற்காகவே பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து, கிரகண நேரத்தில் வெளியே போவதா என்று வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு, கிரகண விரதத்தோடு வந்திருந்தாள்.

“வளையம் வந்தா பாதி நேரம் நான், மிச்சம் நீங்கள், அக்கா,” என்று நிமலினி கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள்.

சூரியன் மெல்லிய நெருப்பு வளையமானது. “ஆண்டவரே, உமக்குத் தோத்திரம்” என்றவள் மற்றதெல்லாம் மறந்துபோனாள். கண்ணாடியைக் கழற்றியபோது வளையம் உடைந்து பிறையாகியிருந்தது.

சிவக்கொழுந்து சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, குழந்தையின் கண்களைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, முடிஞ்சுது அக்கா! ஏன் என்னைக் கூப்பிடேல்லை?”

“உன்ரை மோன் விட்டாத்தானே! மேலை பாக்கத் தெண்டிச்சுத் திமிறிக்கொண்டு நிண்டவன். உன்னைப் போலைதான், சொல்வழி கேளான்,” என்று அவள் சிரித்தாள்.

நிமலினி மகனை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் தன் கையாலேயே அவளுக்கு மாட்டிவிட்டாள். “கடைசி வரைக்கும் நீங்களே பாருங்கோ.”

“பிறையும் வடிவாத்தான் இருக்கு, பிள்ளை.”

தான் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தன் பிள்ளையை ஆண்டவர் யாருடைய கையில் வைத்திருந்தார் என்று நினைத்தபோது, நிமலினிக்குத் தலை நிமிரவில்லை.