நேர்த்தி பலித்த மனுசன்

“ஒரு மாற்றமும் இல்லையெண்டு சொல்லு.”

“அம்மா, அப்பா டாக்டரின்ரை டோனட்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.”

“பசிச்சிருக்கும் எண்டு சொல்லு. காலமை வெள்ளெனவே வெளிக்கிட்டனாங்கள் எண்டு சொல்லு.”

சாருஜா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மகள் தான் சொன்னதைத்தான் சொன்னாளா என்று சிவநேசத்துக்குச் சந்தேகம். மேசைக்கு அப்பால் இருந்த நரம்பு மருத்துவர் கத்தரின், பறிபோன டோனட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அதைச் சாப்பிடுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உருத்திரமூர்த்தி விரல்களில் ஒட்டிய சீனியை நக்கிவிட்டு, “மெர்சி, மெர்சி!” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கைதட்டினார்.

மொன்றியல் டவுன்டவுனில் பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு மார்ச் காலை. ஐம்பத்தேழு வயதுத் தகப்பனை அந்த மருத்துவமனைக்கு இழுத்து வந்தவள் மகள். தாய் சிவநேசத்துக்கு விருப்பமேயில்லை. அவளைப் பொறுத்தவரை மனுசனுக்கு நோயில்லை, நேர்த்தி பலித்திருக்கிறது.

முப்பது வருசமாக அந்த மனுசன் வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மொன்றியலில் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவினாலும் முகம் என்னவோ கணக்கு வாத்தியாருடையதுதான். கறி ருசியென்றால் ஒருமுறை தலையை ஆட்டுவார், அதுவும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிவநேசம் முருகன் கோயிலில் நேர்த்தி வைத்தாள். இந்த மனுசன் ஒருக்காச் சிரித்தால் பாற்செம்பு எடுக்கிறேன் என்று.

முருகன் கொஞ்சம் அள்ளியே கொடுத்துவிட்டார். முதலில் மனுசன் குளித்துக்கொண்டே பாடினார். பிறகு ஒருநாள் மெத்ரோ ரயிலில், பெட்டி முழுக்கக் கேட்க, “சிவநேசம், நீ நல்ல வடிவு!” என்றார். பெயரைச் சொல்லி! ‘இஞ்சேர்’ என்பதைத் தவிர அந்த வாயில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததில்லை. எதிரே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்ன புரிந்ததோ, தொப்பியைத் தூக்கி ஆமோதித்தார். ஒரு கலியாணத்தில் மணவறைக்கு முன்னால் ஆடினார். மேளக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கென்றே அடித்தார். மூலைக் கடையில் இனிப்புகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே நடந்து, பின்னால் ஓடிவந்த கடைக்காரனுக்கும் பெருந்தன்மையாக ஒன்று நீட்டினார். மன்னிப்புக் கேட்டபடி பின்னால் ஓடிய சிவநேசத்துக்குச் சிரிப்பில் வயிறு நொந்தது. வீட்டுக்குச் சொல்லாமல் காதலனோடு ஓடி வந்தவள் போல அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பாற்செம்பை ஒன்றுக்கு இரண்டாக எடுத்தாள்.

அந்த வரத்தைத்தான் நோய் என்று சொல்லப் பார்க்கிறாள் மகள். தான் வாயைத் திறந்தால் மாத்திரை கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடுவார்கள்.

“வேலையாலை நிப்பாட்டினதைச் சொல்லட்டோ?” என்றாள் சாருஜா.

“என்னத்தைச் செய்தவர்? முதலாளியின்ரை வயித்திலை தாளம் போட்டவர், அவ்வளவுதானே.”

“அம்மா!”

“அந்த வயிறு அப்பிடியடி!”

சிவநேசம் சிரித்துவிட்டாள். மொழி புரியாமலே மருத்துவரும் சிரித்தார். உருத்திரமூர்த்தி எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அறைக்கே கிச்சுகிச்சு மூட்டியது போலிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் மருத்துவர் ஒன்று கேட்டார். சாருஜா தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

“நீங்கள் அழுதால் அப்பா என்ன செய்வார் எண்டு கேக்கிறா.”

சிவநேசம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

மார்கழியில் அவளுடைய தம்பி செத்த செய்தி தொலைபேசியில் வந்தது. சாருஜா வகுப்புக்குப் போயிருந்த நேரம். குசினி நிலத்தில் விழுந்து குழறி அழுதாள். அவர் வந்தார். அவளைக் கடந்து போய் அலுமாரியைத் திறந்து, பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி டிவிக்கு முன்னால் இருந்தார். அவளுடைய அழுகைச் சத்தம் கூடக்கூட, டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, முருகனுக்குக்கூட.

முந்தி யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய் செத்தபோது இதே மனுசன், சிரிக்கத் தெரியாத மனுசன், ஒருநாளும் லீவு எடுக்காத வாத்தியார், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பகல் முழுக்க அவளருகே வெறுநிலத்தில் இருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. இருந்தார்.

“சொல்லு பிள்ளை,” என்று தொடங்கி, தம்பியின் செய்தி வந்த அந்த நாளை முழுக்கச் சொன்னாள். சாருஜா அதை வரிவரியாக மொழிபெயர்த்தாள்.

மருத்துவர் கத்தரின், போன கிழமை எடுத்த ஸ்கான் படத்தை வெளிச்சப் பலகையில் செருகினார். நெற்றிக்குப் பின்னால் மூளை சுருங்கியிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்லச் சாருஜா தமிழில் சொன்னாள். மனதில் தோன்றியதை அடக்குவதும், அடுத்தவர் நோவை உணர்வதும் அந்த இடத்தின் வேலை. இந்த நோயில் நினைவு போவதற்கு முன்னமே ஆள் மாறிவிடுவார். அம்மா இப்போது சொன்னதோடு எல்லாம் பொருந்துகிறது.

உருத்திரமூர்த்தி எழுந்துபோய்த் தன் மூளையைக் கிட்ட நின்று பார்த்தார்.

“பூக்கோவா!” என்றார், சந்தையில் காலிஃபிளவரைக் கண்டவர் போலப் பூரிப்போடு. “நல்ல பூக்கோவா!”

சாருஜா அழுதுகொண்டே சிரித்தாள். மருத்துவர் மீண்டும் பேச வாயெடுத்தார். சிவநேசம் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பொறு, மருந்தைப் பற்றிச் சொல்ல முதல் நான் சொல்லுறதைக் கேக்கச் சொல்லு. இந்தச் சிரிக்கிற மனுசன் இருக்கட்டும். அம்மா செத்தண்டைக்கு என்னோடை நிலத்திலை இருந்தவரும் எனக்கு வேணும். ரெண்டு பேரையும் ஒரே ஆளாய்த் தர ஏலுமோ எண்டு கேள், பிள்ளை. வடிவாய்க் கேள்.”