அமங்கலக் கையெழுத்து

“அக்கா, செத்த நேரம் உள்ளயே இரு. நல்ல காரியம்” என்றார் திருநாராயணன், அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே.

சொர்ணலதா சமையலறைக்குள் நகர்ந்துகொண்டாள். கணவர் போனதிலிருந்து பழகிப்போனதுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

தம்பி லேசுப்பட்டவர் இல்லை. நிதி நெருக்கடி ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்று பொருளாதாரம், உளவியல், சரித்திரம், மானுடவியல் என சகல சாஸ்திரக்காரர்களையும் ஒரே மேடையில் ஏற்றி, மைசூரில் கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர். கண்ணாடி முன் அவர் பார்த்த ஒத்திகையில் சொர்ணலதாவுக்கே பேச்சு மனப்பாடம். “ஊரே ஓடுகிறதென்று நாமும் ஓடுவது முதல் அறிகுறி. எச்சரிப்பவர் வாயை அடைப்பது இரண்டாவது.”

அப்பேர்ப்பட்டவர், தெருவே பணம் போட்டிருக்கிறதென்று, சந்தோஷ்குமார் என்பவனின் முதலீட்டுத் திட்டத்தில் போட இன்று வீட்டை அடமானம் வைக்கிறார். அக்ஷய திருதியை வேறு. வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரமும் பூஜையில் இருந்தது.

நேற்றே அவள் கேட்டுப் பார்த்தாள். “ஏண்டா, அவ்வளவு லாபம் வர்றதுன்னா, அவன் எதுக்கு நம்மாத்தை அடகு வைக்கச் சொல்றான்?”

“அபசகுனமாப் பேசாதே!” என்று பாய்ந்தார் தம்பி. அவர் மனைவி ஸ்ரீதேவி தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வீடும் போனால் சொர்ணலதாவுக்குப் போக்கிடமே கிடையாது. அதை யார் நினைத்தார்கள்!

கற்பூரம் காட்டி முடித்ததும் சந்தோஷ்குமார் காகிதங்களைப் புரட்டித் தலையைச் சொறிந்தான். “ஸார், வீடு உங்க அப்பா பேர்ல இருந்தது. அக்காவுக்கும் பங்கு இருக்கு. அவங்க சும்னே ஒரு சைன் போட்டா போதும், அஷ்டே, அவ்வளவுதான்” என்றான், கன்னடம் கலந்த தமிழில்.

திருநாராயணன் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அக்கா! இப்படி வாயேன், ஒரு கையெழுத்து!” தம்பியின் குரலில் தேன் ஒழுகியது.

சொர்ணலதா சமையலறை நிலைப்படியைத் தாண்டவில்லை.

“நல்ல காரியத்துல என் மூஞ்சியே ஆகாதுன்னியே. பத்திரத்துல என் கை மட்டும் படலாமோ?”

“அதெல்லாம் பாக்காதேக்கா. காலம் மாறிப்போச்சு!”

“எப்போடா மாறித்து? இப்போதானே உள்ளே அனுப்பினே?”

சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

ஆடி மாதம் திட்டம் கவிழ்ந்தது. சந்தோஷ்குமாரின் போன் அணைந்தது. இந்த வீடு தப்பித்தது. தெரு அழுதது. காரணம் கண்டுபிடிக்கப் பேராசிரியர் இன்னொரு கருத்தரங்கு கூட்டினார். ஆனால் தெருவுக்கு அவ்வளவு சாஸ்திரம் தேவைப்படவில்லை. எதிர்வீட்டு ரங்கம்மா கேட்டருகே நின்று சத்தமாகவே சொன்னாள்: “எல்லாம் இந்தம்மா அன்னிக்கு வாய் வெச்ச வேளை!”

தம்பி செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சொர்ணலதா ஒரு நாற்காலியை இழுத்துவந்து, வாசல் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்படியே இருக்கட்டும் ரங்கம்மா. அடுத்த திட்டக்காரன் வரச்சே சொல்லி அனுப்புங்கோ. நான் எதிர்லயே வந்து நிக்கறேன்.”