கொழுப்பு சொன்ன சேதி

பேருந்து ஓட்டுநர் மருத்துவரின் அறைக்கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே வந்தார். "உங்க கொழுப்புதான் எல்லாம் பேசுது" என்று அந்தம்மா சொல்லிவிட்டார். பயணிகள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் அதே வசனம். அவர்களுக்கென்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதில் சொல்வார். இங்கே ஓரங்கட்ட வண்டி இல்லை.

மிச்சத்தை மனைவிதான் உள்ளே போய்க் கேட்டு வந்தாள்.

"உங்களத் திட்டலைங்க. ஒடம்புல இருக்கற கொழுப்பைச் சொன்னாங்க. 'சாப்பிட்டது போதும்'னு மூளைக்குச் சேதி அனுப்புறதே அதுதானாம். தூக்கம் கெட்டா அந்தச் சேதி சரியாப் போய்ச் சேராதாம். சக்கரையை அடக்குற ஏதோ ஒண்ணும் அதுலேர்ந்துதான் சுரக்குதாம். நீங்க உக்காந்தே இருந்து ஒடம்பு பெருத்தா, அதுவும் கொறைஞ்சிடுமாம்."

"பாத்தியா, அதுக்கே எவ்வளவு கொழுப்பு!"

சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. அடுத்த சோதனைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பணிமனையில் டயருக்குக் காற்றடிக்க விட்டுவிடுவார்கள். பணிமனை மேலாளராக இருப்பவன் ஓட்டுநரின் மச்சினன், மனைவியின் தம்பி. அவனிடம் போய்க் கைகட்டி நிற்பதற்குக் கொழுப்பின் பேச்சைக் கேட்பதே மேல் என்று ஓட்டுநருக்குப் பட்டது.

இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் பகலில் படுத்தது தெருவோர அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் தட்டும் பட்டறை. கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாமான் அறையில் போட்டார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். வேலைக்கு ஏறுமுன் பணிமனையைச் சுற்றி நடந்தார்.

"என்னண்ணே, பஸ்ஸைத் தொலைச்சிட்டீங்களா?" என்றார் நடத்துநர்.

"உன் வாய்க்கொழுப்பு என்னடா சுரக்குது?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் இன்னொரு சுற்று போனார்.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஸ்டியரிங் அவரிடமே தங்கியது. மச்சினன் வாழ்த்துச் சொன்னான், முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

அன்று மதியம் மனைவி இரண்டாம் முறை பரிமாற வந்தபோது ஓட்டுநர் தட்டின் மேல் கையை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அங்கே வந்ததில்லை.

"ஏன், நல்லா இல்லையா?"

"நானா வேணாங்கறேன்? கொழுப்பு பேசுது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாரு கொழுப்பு?"

"என்னோடதுதான்" என்றார் அவசரமாக.

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.